மலை வீட்டுத் தரை: பாலிஷ் கான்கிரீட்டா, ரெட் ஆக்சைடா, மைக்ரோசிமெண்டா, எபாக்ஸியா?

ஏற்காடு, கோத்தகிரி, வால்பாறைப் பக்கம் வீடு கட்டுகிறவர்களில் பலர் இப்போது டைல்ஸ் வேண்டாம், சிமெண்ட் முகமே தெரியட்டும் என்கிறார்கள். அதற்கு வழி நாலு: கான்கிரீட்டையே அரைத்துப் பாலிஷ் போடுவது, சிவப்புப் பொடி கலந்த சிமெண்டைத் தேய்த்துப் போடும் ரெட் ஆக்சைடு, மெல்லிய சிமெண்ட் பூச்சான மைக்ரோசிமெண்ட், பிசின் பூச்சான எபாக்ஸி. அச்சுப் பதித்த ஸ்டாம்ப் கான்கிரீட் வாசலோடு நிற்கட்டும். பள்ளங்களில் தூசி அடைவதால் வீட்டுக்குள் ஆசாரத்துக்கு (கூடத்துக்கு) ஆகாது. மண்மேல் நிற்கும் தரை என்றால் பாலிஷ் கான்கிரீட்டுக்கே என் ஓட்டு.

அழகில் எல்லாமே தேறும். காலுக்குச் சில்லென்று இருப்பதிலும் பெரிய வித்தியாசமில்லை. மார்கழியில் எதன்மேலும் பவானி ஜமுக்காளம் விரிக்கத்தான் வேண்டும். மலையில் தரை நிற்குமா போகுமா என்பதைத் தீர்மானிப்பது ஓதம், அதாவது மண்ணிலிருந்து ஏறும் ஈரம்.

சரிவை வெட்டிச் சமன் செய்த மனையில், மேட்டுப்பக்க மண் மழைக்காலம் முழுக்கக் கசியும். அந்த ஈரம் ஆவியாகித் தரை வழியே மேலேறும். மேலே எபாக்ஸி மூடியிருந்தால் போக வழியில்லாமல் அதைத் தூக்கும். முதலில் கொப்புளம், பிறகு தோல் உரிவது. போடும்போதும் தொல்லைதான். தரையின் வெப்பம் பனிப்புள்ளியைவிட (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும். பனிமூட்டத்தில் அவசரப்பட்டால் மேலே பிசுபிசுப்பும் வெண்மையும் படரும். சன்னல் வெயில் விழும் இடம் நாளடைவில் மஞ்சளாகும்.

மைக்ரோசிமெண்ட் 2 முதல் 3 மி.மீ. கனம்தான். பழைய டைல்ஸை உடைக்காமலே மேலே போடலாம், மாடி அறைகளுக்கும் பொருந்தும். ஆனால் அதுவும் கடைசியில் மேலே பூசும் பியு (பாலியூரித்தேன்) சீலரை நம்பியே நிற்கிறது. மண்மேல் உள்ள தரைக்கு அதைச் சிபாரிசு செய்யத் துணியமாட்டேன். எபாக்ஸி, மைக்ரோசிமெண்ட் இரண்டில் எதைப் போட்டாலும் முன்னதாக 45 செ.மீ. சதுரப் பாலித்தீனை நாலு ஓரமும் டேப் ஒட்டித் தரையில் 16 மணி நேரம் விடுங்கள். அடியில் நீர் கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ வேலையை நிறுத்துங்கள்.

பாலிஷ் கான்கிரீட்டில் மூடும் படலமே இல்லை. லித்தியம் சிலிக்கேட் என்ற கடினமாக்கும் திரவம், கான்கிரீட்டில் மிஞ்சிய சுண்ணாம்போடு சேர்ந்து உள்ளுக்குள்ளேயே இறுகிவிடும். ஆவி தன் போக்கில் வெளியேறும். அதற்காக அடிவேலையை விட முடியாது. கான்கிரீட் போடும் முன் அடியில் 250 மைக்ரான் பாலித்தீன் விரித்து, இணைப்பில் 20 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி டேப் ஒட்ட வேண்டும். மேட்டுப்பக்கச் சுவருக்கு வெளியே ஜல்லி நிரப்பிய வடிகால் எடுத்து, பொடக்காளியை (புழக்கடையை) தாண்டிப் பள்ளத்தில் விட வேண்டும். இந்த வடிகாலைத் தவிர்த்தால் ஓரங்களில் உப்புப் பூக்கும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற பாதையில் ரெடிமிக்ஸ் லாரியை நம்பாமல் மனையிலேயே கலப்பது உத்தமம். எம்25 தரக் கான்கிரீட், 100 மி.மீ. கனம், 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 22 லிட்டர் தண்ணீர்; மணலில் உள்ள ஈரமும் இந்தக் கணக்கில் சேரும். கலவை இளக்கமாக வரட்டும் என்று கொத்தனார் இன்னொரு குடம் ஊற்றினால் சிமெண்ட் பால் மேலே மிதந்து, மெஷின் வைத்ததும் பொடியாக உதிரும். நிறம் வேண்டுமானால் மூட்டைக்கு 1.5 முதல் 2.5 கிலோ ஆக்சைடு நிறப்பொடி. 5 கிலோவைத் தாண்டக் கூடாது. தரை தாறுமாறாக வெடிக்காமலிருக்க 3 மீட்டருக்கு ஒரு வெட்டு, 25 மி.மீ. ஆழம். கீழ்நாட்டில் மறுநாளே வெட்டிவிடலாம். குளிரில் இறுக நேரமாகும் என்பதால் ஓரத்தில் ஜல்லி பெயர்ந்தால் சில மணி நேரம் பொறுங்கள். நாள் கணக்கில் தள்ளினால் தரை தானே வெடிக்கும். 14 நாள் நனைக்க வேண்டும். மேலே வைக்கோல் போடாதீர்கள், பழுப்புக் கறை போகவே போகாது.

28 நாள் கழித்து உலோகப் பிடிப்புள்ள வைரக் கல்லால் 40, 80, 150 கிரிட் (எண் கூடக் கூட நைசாகும்) அரைக்க வேண்டும். பிறகு ரெசின் பிடிப்புள்ள கல்லால் 200. அதன்மேல் அந்தக் கடினமாக்கும் திரவம், மறுநாள் 400, 800. அதோடு நிறுத்துங்கள், 3000 வரை போனால் கண்ணாடிபோல் மின்னும், ஈரக்காலோடு வருகிறவர்களுக்கு வழுக்கும். தண்ணீர் புழங்கும் சலதாரைக்கும் குளியலறைக்கும் 200 கிரிட்டே போதும். அரைத்த சேறு காரம் மிகுந்தது; காபிச் செடிப் பக்கமோ ஓடையிலோ விடாமல் குழியில் தேக்கிக் காயவைத்து அள்ள வேண்டும்.

ரெட் ஆக்சைடைக் குறைத்துச் சொல்ல மனம் வராது. நம் தொட்டிக்கட்டு வீடுகளின் சிவப்புத் தரை பளபளப்பதெல்லாம் கை வேலைதான். ஆவியையும் அது அடைக்காது. ஆனால் சிமெண்ட் இறுகும் பதம் பார்த்துத் தேய்க்கிற பழைய கொத்தனார் வேண்டும். ஓரிடம் வெடித்தால் ஒட்டுப் போடலாமே தவிர, நிறம் சேராது. அப்படிப்பட்ட ஆள் கிடைத்தால் பூசையறைக்கும் திண்ணைக்கும் தயங்காமல் போடுங்கள்.

பாலிஷ் கான்கிரீட்டின் எதிரி புளிப்பு. எலுமிச்சை, புளிக்கரைசல், தயிர் எது சிந்தினாலும் உடனே துடைக்காவிட்டால் மங்கல் விழும். அதனால் சமையல் மேடைக்குக் கிரானைட்தான். ஆசிட் கலந்த கிளீனரைத் தரையில் ஊற்றாமல் மிதமான சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். நடமாட்டத்தில் மங்கிய இடத்தை, தரையைப் பெயர்க்காமல் 400, 800 மீண்டும் ஓட்டித் தெளிய வைக்கலாம். எபாக்ஸி உரிந்தால் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட முடியும்.