எடை குறைந்த பிறகு வயிற்றுத் தோலுக்கு எந்த ஆபரேஷன்? மும்பையில் மூன்று டாக்டர்களைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

"அடுத்த தடவை வரும்போது புடவை கட்டிட்டு வாங்க" என்று சொன்ன டாக்டரிடம்தான் கடைசியில் ஆபரேஷன் செய்துகொண்டேன். அதற்கு முன் இரண்டு இடம் போய்விட்டு வந்தேன். யார் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. எந்த டாக்டர் என்பதை முடிவு செய்ய ஒரு நாள்தான் ஆனது. எந்த வகை என்பதில்தான் ஒன்றரை மாதம் தூக்கமில்லாமல் கிடந்தேன்.

எனக்கு 46 வயது. செம்பூர் திலக் நகரில் வீடு, ஃபோர்ட்டில் வங்கி வேலை. 2022 நவம்பரில், எடை குறைக்க இரைப்பையைச் சின்னதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டபோது 118 கிலோ. 2024 தொடக்கத்தில் 69-க்கு வந்து நின்றேன். உயரம் 158 செ.மீ. எடை போனது, தோல் போகவில்லை. முன்புறம் ஒரு மடிப்பு தொடைவரை தொங்கியது. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர்வரை அந்த மடிப்புக்குள் ஈரம் காயவே காயாது. படை, அரிப்பு, சில நாள் ரத்தம். க்ளோட்ரிமசோல் பவுடரைப் போட்டு, பழைய வேட்டித் துணியைக் கிழித்து மடித்து உள்ளே வைத்துக்கொண்டு ஹார்பர் லைன் ரயிலில் போவேன். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு வாடை வருமோ என்ற பயத்திலேயே மகளிர் பெட்டியில் வாசலோரம் நிற்பேன். உடற்பயிற்சி செய்தால் சரியாகிவிடும் என்று சொல்லாதவர்கள் இல்லை. இரண்டு வருடம் செய்து பார்த்தேன். உள்ளே தசை இறுகியது. இழுபட்டு எலாஸ்டிக் போன தோல் அப்படியே தொங்கியது.

முதலில் போனது அந்தேரியில் ஒரு காஸ்மெடிக் கிளினிக். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே கவுன்சிலர் பெண் ஒருவர் 'பேக்கேஜ்' அட்டையைக் கையில் கொடுத்தார். டாக்டர் படுக்கவைத்து நாலு நிமிடம் பார்த்தார். லைபோசக்ஷனும் மினி டம்மி டக்கும் (டம்மி டக் என்றால் தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி இறுக்குவது) போதும், தழும்பு சின்னது, அடுத்த வியாழக்கிழமையே செய்துவிடலாம் என்றார். ரத்தப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை இல்லை. படுத்தால் தோல் இரண்டு பக்கமும் பரவிப் பாதி மறைந்துபோகும். என்னை நிற்கவைத்துப் பார்க்கவே இல்லை. மினி என்பது தொப்புளுக்குக் கீழே மட்டும் செய்வது, தொப்புளை நகர்த்த மாட்டார்கள். லைபோசக்ஷன் கொழுப்பை உறிஞ்சும், தொங்குகிற தோலை இறுக்காது. என் தொப்புளுக்கு மேலேயே இரண்டு மடிப்பு இருந்தது. வீட்டுக்கு வந்து மகாராஷ்டிரா மெடிக்கல் கவுன்சில் பதிவேட்டில் தேடினேன். அவருக்குப் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். பட்டம் இல்லை. இதை நீங்களும் கட்டாயம் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது ஒரு பெரிய ஆஸ்பத்திரி. தகுதியான டாக்டர், பேச்சும் நேர்மை. உடம்பைச் சுற்றி முழு வட்டமாகத் தோலை எடுக்கும் பெல்ட் லைபெக்டமி செய்யலாம், அதோடு கைகளில் தொங்கும் தோலையும் ஒரே மயக்கத்தில் முடித்துவிடலாம் என்றார். பாதியில் குப்புறத் திருப்பிப் போட்டு, ஏழெட்டு மணி நேரம். முதுகும் பின்பக்கமும் தொங்கிப் போனவர்களுக்கு அதுதான் சரியான வழி, குறை சொல்லவே முடியாது. எனக்குப் பின்பக்கம் அவ்வளவு மோசமில்லை. நேரம் கூடக்கூடக் காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும் என்று அவரே சொன்னார். அதைக் கேட்டபின் மனசு வரவில்லை.

மூன்றாவது டாக்டர், ஒரு மராத்திப் பெண்மணி, ஐம்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். முதலில் கேட்டது பழைய ஆபரேஷன் தழும்புகள் எங்கே என்று. வலது விலாவுக்குக் கீழே பித்தப்பைக்காகப் பழைய முறையில் திறந்த தழும்பு இருந்தால், தோலுக்குப் போகும் ரத்த ஓட்டம் அங்கே அறுபட்டிருக்கும், திட்டத்தையே மாற்ற வேண்டும் என்றார். எனக்கு இரண்டு சிசேரியன் தழும்புதான். அது எடுக்கிற தோலோடு போய்விடும். அப்புறம் நிற்கவைத்து, குனியவைத்து, உட்காரவைத்து, கடைசியில் படுக்கவைத்துப் பார்த்தார். தலையை மட்டும் தூக்கச் சொல்லி நடுவயிற்றில் விரலை வைத்தார். பிரசவங்களில் விலகிய இரண்டு தசைகளுக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி.

பிறகு என் கையையே எடுத்து வயிற்றில் வைத்தார். மேலிருந்து கீழே ஒரு பிடி பிடிக்கச் சொன்னார். பக்கவாட்டில் ஒரு பிடி பிடிக்கச் சொன்னார். இரண்டிலும் கை நிறையத் தோல். அந்த நிமிடம்தான் எனக்கு விஷயம் புரிந்தது. தொளதொள ரவிக்கையைத் தையல்காரரிடம் கொடுத்தால், உயரத்தை மட்டும் குறைத்தால் அகலம் அப்படியேதான் இருக்கும். பக்கத்திலும் பிடித்துத் தைக்க வேண்டும். சாதாரண முழு டம்மி டக்கில் இடுப்பிலிருந்து இடுப்புவரை குறுக்கே வெட்டித் தோலைக் கீழே இழுக்கிறார்கள். தொப்புள் தன் காம்போடு இருந்த இடத்திலேயே இருக்கும், மேலே வரும் தோலில் அதற்குப் புது வாசல் வைப்பார்கள். எக்ஸ்டெண்டட் என்றால் அதே கோடு இடுப்பைத் தாண்டிப் பின்பக்கம் நோக்கி நீளும். இரண்டுமே அகலத்தைத் தொடாது. தொங்குவதை மட்டும் வெட்டும் பானிகுலெக்டமியில் படை நிற்கும், ஆனால் விலகிய தசையைச் சேர்த்துத் தைக்க மாட்டார்கள், மேல்வயிறும் அப்படியேதான். எனக்கு அவர் சொன்னது ஃப்ளர்-டி-லீ: அடிவயிற்றில் குறுக்கே ஒரு கோடு, மார்புக்கூட்டுக்குக் கீழிருந்து நேராக இறங்கி அதில் சேரும் இன்னொரு கோடு.

அந்த நேர்க்கோடுதான் என் பிரச்சனை. குறுக்குக் கோடு பாவாடை நாடாவுக்குக் கீழே போய்விடும். அதற்காகத்தான் புடவை கட்டி வரச் சொன்னது, நாடா எங்கே விழுகிறது என்று மார்க்கரால் குறித்துக்கொண்டார். நேர்க்கோடு? அது புடவைக்கும் ரவிக்கைக்கும் நடுவே உள்ள இடம். அன்று ராத்திரி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, புருவப் பென்சிலால் மார்புக்குக் கீழேயிருந்து அடிவயிறுவரை ஒரு கோடு போட்டேன். அதன்மேல் புடவை கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நடந்தேன். முந்தானை குறுக்கே போவதால் நடுவயிறு மறைந்துதான் இருந்தது, இடப்பக்க இடுப்புதான் வெளியே. ரயிலில் கைப்பிடியைப் பிடிப்பதுபோல் கையைத் தூக்கினேன். முந்தானை விலகி இரண்டு விரல் அளவு கோடு தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். மறுநாள் அம்பாசமுத்திரத்துக்கு போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். "கோடு தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது. அந்தப் புண்ணோட இனி ஒரு மழைக்காலம் கெடக்காத" என்றாள். என் வீட்டுக்காரர், "உனக்கு எது நிம்மதியோ அதைச் செய்" என்றதோடு சரி.

சரி என்று போனால் டாக்டர் தேதி தரவில்லை. ஹீமோகுளோபின் 9.8, புரதமும் குறைவு. ஸ்லீவ் செய்தவர்கள் சாப்பிடுவதே கொஞ்சம், இரும்பும் பி12-ம் குறைவது சகஜம், இந்த ரத்தத்தோடு வெட்டினால் புண் ஆறாது என்றார். இரும்பு ஊசி, தினம் இரண்டு முட்டை, சுண்டல், பனீர் என்று இரண்டரை மாதம். 12 தொட்டபிறகுதான் தேதி. நான் பணம் கட்டத் தயாராக இருந்தும் தள்ளிப்போட்ட அந்த ஒரு காரியத்துக்காகவே அவரை யாருக்கும் சிபாரிசு செய்வேன்.

இன்ஷூரன்ஸ் கிடைக்கவில்லை. அழகுக்கான ஆபரேஷன் என்றால் மெடிக்ளெய்மில் விலக்கு. உடல்நலத்துக்கு நேரடி ஆபத்து, மருத்துவ ரீதியில் அவசியம் என்று டாக்டர் சான்று கொடுத்தால் கேட்டுப் பார்க்கலாம். படைக்கு வைத்தியம் பார்த்த சீட்டுகளையும் படங்களையும் நான் சேர்த்து வைக்கவில்லை. நீங்கள் இன்றிலிருந்தே சேர்த்து வையுங்கள். என் மொத்த பில் 3 லட்சத்து 60 ஆயிரம்.

2025 ஜனவரியில் நடந்தது. நாலரை மணி நேரம். முதல் பத்து நாள் நிமிர முடியாது, கூன் போட்டுத்தான் நடை, சாய்வு நாற்காலியில்தான் தூக்கம். இரண்டு பக்கமும், உள்ளே ஊறும் நீர் வெளியே வடிந்து ஒரு பையில் சேர, ட்ரெயின் (drain) குழாய். ஒரு நாளில் 30 மில்லிக்குக் கீழே இறங்கும்வரை எடுக்கவில்லை, எனக்கு ஒன்பது நாள் ஆனது. ஆஸ்பத்திரியில் ஒரு குறை உண்டு. ட்ரெயின் பையைக் காலி செய்து அளந்து எழுதுவது எப்படி என்று டிஸ்சார்ஜ் நேரத்தில் அவசர அவசரமாக இந்தியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் உதவிக்கு வந்திருந்த தங்கைக்கு இந்தி வராது. முதல் ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பையை வைத்துக்கொண்டு அழுதோம். முந்தின நாளே நர்ஸைச் செய்யச் சொல்லி போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கோடும் சேரும் முனையில், தலைகீழ் டி மாதிரி வரும் இடத்தில், புண் பிரியலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். பதினாறாம் நாள் அங்கே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பிரிந்தது. சொல்லி வைத்திருந்ததால் பதறவில்லை. ஐந்து வாரம் டிரஸ்ஸிங் செய்து மூடியது. தொப்புளுக்குக் கீழே இன்னும் மரத்துத்தான் இருக்கிறது.

இதை எழுதுவது 2025 ஆகஸ்டில். கோடு இன்னும் சிவப்பாக இருக்கிறது. ரவிக்கையை ஒன்றரை இஞ்ச் நீளமாகத் தைத்துக்கொள்கிறேன். போன வாரம் செடா நகர் முருகன் கோயிலின் 108 படியையும் நிற்காமல் ஏறினேன். வேட்டித் துணி மடிப்பு இல்லாத முதல் மழைக்காலம் இது.

கடைசியாக, ஆபரேஷனுக்குப் பின் வயிற்றை இறுக்கிப் பிடிக்க ஆறு வாரம் ராப்பகலாகப் போட வேண்டிய பெல்ட்டை இரண்டாக வாங்குங்கள். ஒன்று துவைத்தால் ஜனவரி வெயிலிலேயே காய ஒரு முழு நாள் ஆனது, மழையில் கேட்கவே வேண்டாம். அளவை ஆபரேஷனுக்கு முன்னால் எடுக்காதீர்கள், வீக்கத்தோடு எடுத்தால்தான் சரியாக இருக்கும்.