தலையில் பூ, பையில் நோட்டு: துலூஸில் ஒரு பிரெஞ்சு வகுப்பு

"அம்மா, பள்ளிக்கூடத்துல எல்லார் தலையிலயும் பூவாம். என் தலையையும் பாக்கணுமாம்."

மகள் இதைச் சொன்னபோது நாங்கள் பிரான்ஸின் துலூஸ் நகரத்துக்கு வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அவளுக்கு நான்கு வயது. பையில் இருந்த நோட்டில் டீச்சர் கைப்பட நான்கு வரி எழுதியிருந்தார். பிரெஞ்சுக்காரர்களின் கூட்டெழுத்து ஒன்றோடொன்று கொக்கி மாட்டிக்கொண்டே போகும். கைபேசியின் மொழிபெயர்ப்புக் கேமராவும் அதைப் பார்த்துக் கைவிரித்துவிட்டது. சரி, ஏதோ பூ விழா போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அக்டோபர் மாதம். பூக்கடை வாசலெங்கும் தொட்டி தொட்டியாகச் சாமந்தி. மதுரைக்காரிக்கு அதைப் பார்த்ததும் மனசே நிறைந்துபோனது. ஒரு தொட்டி வாங்கிவந்து, மறுநாள் காலை இரட்டைப் பின்னல் போட்டு, பின்னலுக்கு இரண்டு மஞ்சள் சாமந்தி செருகி அனுப்பினேன்.

பிரெஞ்சில் ‘பூ’ என்றால் பேன். பள்ளியில் பேன் பரவுகிறது, பிள்ளைகளின் தலையைப் பாருங்கள் என்பதுதான் அந்த நான்கு வரி. சாமந்தியோ, நவம்பர் 1ஆம் தேதியையொட்டிக் கல்லறைகளுக்குக் கொண்டுபோய் வைக்கிற பூ. வாசலில் நின்ற டீச்சர் மகளின் தலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய் ஒரு தாளை எடுத்துவந்து கொடுத்தார். இரண்டு வருடம் நான் போய்வந்த வகுப்பின் அறிவிப்பு அது.

வகுப்பின் பெயர் நீளம்: ‘பிள்ளைகளின் வெற்றிக்காகப் பள்ளியைப் பெற்றோருக்குத் திறப்போம்’ என்று தமிழில் சொல்லலாம். கல்வி அமைச்சகமும் உள்துறை அமைச்சகமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்தும் திட்டம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த பெற்றோருக்கானது. கட்டணம் கிடையாது. பிள்ளைகள் படிக்கும் பள்ளிக் கட்டடத்திலேயே நடக்கும். மொழி, பள்ளிக்கூடம் எப்படி இயங்குகிறது, குடியரசின் விழுமியங்கள் என்று மூன்று நோக்கம் வைத்திருக்கிறார்கள். எங்கள் வகுப்பு வாரம் இரண்டு நாள் காலை, தலா இரண்டு மணி நேரம். பன்னிரண்டு பேர், பத்துப் பேர் அம்மாக்கள், ஒரு அப்பா, ஒரு தாத்தா.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலருக்கும் இதே நிலைமைதான். கணவர் விமான உதிரிபாகம் செய்யும் நிறுவனத்தில் பொறியாளர். திறமையான வெளிநாட்டுப் பணியாளர்களுக்குத் தரும் ‘பாஸ்போர் தலான்’ வகை அனுமதியில் வந்தோம். இந்த வகையில் வரும் குடும்பத்தார் அரசுடன் ஒருங்கிணைப்பு ஒப்பந்தம் போடத் தேவையில்லை. கேட்க வசதியாக இருக்கிறது, ஆனால் அரசின் இலவச மொழி வகுப்பு அந்த ஒப்பந்தத்தோடுதான் வருகிறது. ஒப்பந்தம் இல்லையென்றால் அந்த வகுப்பும் இல்லை. கணவருக்கு அலுவலகத்தில் ஆங்கிலம் போதும். டீச்சர், டாக்டர், கான்தீன், பக்கத்து வீட்டுப் பாட்டி எல்லாம் என் தலையில். கைபேசிச் செயலியில் நான்கு மாதம் படித்திருந்தேன். என் பூனை பால் குடிக்கிறது என்று பிழையில்லாமல் சொல்வேன். என்னிடம் பூனை இல்லை.

இந்த வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, பாடப்புத்தகம் என்று ஒன்று இல்லாததுதான். பிள்ளையின் பையில் இருக்கும் ‘கய்யே த லியேஸோன்’ என்ற தொடர்பு நோட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். பள்ளி எழுதி அனுப்பும், நாம் படித்துக் கையெழுத்துப் போட்டுத் திருப்ப வேண்டும். முதல் ஒரு மாதம் அந்த நோட்டுதான் பாடம். வெளியே கூட்டிப்போகிறோம், மதிய உணவு கட்டிக் கொடுங்கள். காப்பீட்டுச் சான்றிதழ் இன்னும் வரவில்லை. கோட்டில் பெயர் தைத்து அனுப்புங்கள். இப்படி ஆளுக்கொரு குறிப்பை உரக்கப் படித்து, புரியாத சொல்லைப் பலகையில் எழுதி, பதில் எழுதிப் பழகுவோம். அன்று மாலையே நிஜமாக அனுப்ப வேண்டிய பதில் என்பதால் யாருக்கும் தூக்கம் வராது.

எண்கள் தனிக் கதை. மதுரையில் கூட்டுறவு வங்கியில் ஏழு வருடம் கணக்குப் பார்த்தவள் நான். எண்ணில் தடுமாறுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இங்கே தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள். 97 என்பதற்கு ‘கத்ர் வேன் தி ஸெத்’, அதாவது நான்கு இருபது பத்து ஏழு. டாக்டர் வீட்டு எண்ணைக் குறிக்கும்போது ‘கத்ர்’ காதில் விழுந்ததும் 4 எழுதினேன், ‘வேன்’ வந்ததும் 20, மீதிக்கு 17. பத்து இலக்க எண் என் தாளில் பதின்மூன்று இலக்கமாகிவிட்டது. வகுப்பு டீச்சர் இதற்கு ஒரே ஒரு வித்தைதான் சொல்லிக்கொடுத்தார்: ஜோடி முடிகிறவரை பேனாவைத் தாளில் வைக்காதே. ஒருவருக்கொருவர் தொலைபேசி எண்ணைச் சொல்லி எழுதிக்கொண்டே இருந்தோம், மூன்று வகுப்பு. பக்கத்தில் இருந்த அல்ஜீரியா அக்கா, "உங்கள் மொழியில் எப்படி?" என்று கேட்டார். பெருமையாகச் சொல்ல வாயெடுத்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். எழுபது, எண்பது என்று ஒழுங்காக வந்துகொண்டிருந்து, 90க்கு ஏன் தொண்ணூறு? உள்ளே நூறு எதற்கு? 900க்குள் ஆயிரம் எதற்கு? நமக்கும் கொஞ்சம் கிறுக்கு இருக்கத்தான் செய்கிறது.

உச்சரிப்பில் தமிழ் தெரிந்தவருக்குக் கிடைக்கும் சலுகைகளை யாரும் சொல்வதில்லை. நானே கண்டுபிடித்ததால் கொஞ்சம் அலட்டிக்கொள்கிறேன். ‘மரம்’ என்று எழுதுகிறோம், பேசும்போது ‘ம்’ சொல்ல உதட்டை மூடுகிறோமா? மூக்கோடு ஒலித்து விட்டுவிடுகிறோம். ‘போன்ழூர்’ என்பதில் வரும் ‘ஓன்’ ஏறக்குறைய அதேதான். மூக்கொலியில் சிரியா அம்மாவும் வங்கதேசத்துக்காரரும் திணறியபோது நான் மட்டும் முதல் நாளே தேறினேன். அடுத்தது ‘த’. ஆங்கிலத்தில் டேபிள் என்று நாக்கை மடிக்கிற பழக்கத்தை விட்டுவிட்டு நம் ‘த’வைப் போட்டு ‘தாப்ள்’ என்றால் பிரெஞ்சுக்காரர் சட்டென்று புரிந்துகொள்கிறார். சலுகை அங்கே முடிந்தது. மேலே என்பதற்கும் கீழே என்பதற்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘தெஸூ’தான். கீழே என்பதில் நம் ஊ. மேலே என்பதில் உதடு ஊ சொல்ல வேண்டும், நாக்கு ஈ சொல்ல வேண்டும். டீச்சர் பேனாவைப் புத்தகத்தின் மேலும் கீழும் வைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பார். என் பேனா எப்போதும் புத்தகத்துக்கு அடியிலேயே கிடந்தது. மகள் வீட்டில் திருத்துவாள்: "அம்மா, வாயைக் குவிச்சு ஈ சொல்லு, அவ்ளோதான்." அவளுக்கு அவ்வளவுதான்.

ஆண்பால், பெண்பால் விஷயத்திலும் அவள்தான் டீச்சர். நாற்காலி பெண், கைவைத்த நாற்காலி ஆண் என்று அவள் அடித்துச் சொல்வாள். நமக்கோ இரண்டும் அஃறிணை, உட்கார்ந்தால் போதும். மரியாதை விஷயத்தில் மட்டும் எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவில்லை. பிரெஞ்சில் ‘த்யூ’ என்றால் நீ, ‘வூ’ என்றால் நீங்கள். இது நமக்குப் புதிதில்லை. ஆனால் சின்னப் பிள்ளைகள் டீச்சரை ‘த்யூ’ என்று கூப்பிடுகிறார்கள், டீச்சரும் சிரித்துக்கொண்டு பதில் சொல்கிறார். முதல் தடவை கேட்டபோது என் கை தானாக மகளின் வாயைப் பொத்தப் போனது. எங்கள் வகுப்பு டீச்சருக்கு என் அத்தை வயது இருக்கும். என்னை நீ என்றே சொல், இங்கே எல்லோரும் சமம் என்றார். இரண்டு வருடத்தில் ஒரு முறைகூட வாயில் வரவில்லை.

தை மாதத்துக் குளிரில் ஒரு நாள் தயிர் கேக் பாடம். பிரான்ஸில் சின்னப் பிள்ளைகள் முதலில் செய்யப் பழகும் கேக் இது. காலித் தயிர்க் கிண்ணம்தான் அளவு: ஒரு கிண்ணம் தயிர், இரண்டு கிண்ணம் சர்க்கரை, மூன்று கிண்ணம் மாவு, அரைக் கிண்ணம் எண்ணெய், மூன்று முட்டை, ஒரு பொட்டலம் பேக்கிங் பவுடர். ஊற்று, கலக்கு, சேர் என்று வினைச்சொற்கள் கையோடு வந்துவிட்டன. அன்று மாலை வீட்டில் மகளோடு செய்தேன், முழுக்கப் பிரெஞ்சில். வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த மாமியார், "நம்ம டம்ளர் கணக்குதானே, இதுக்கா வகுப்பு?" என்றார். ஏலக்காய் போடச் சொன்னதும் அவர்தான். அந்த வருடப் பள்ளி விழாவில் என் கேக் முதலில் தீர்ந்தது.

இனி குறைகள். எங்கள் வகுப்பு அறிவிப்பு பள்ளி வாசலில் ஒரே ஒரு தாள், அதுவும் முழுக்கப் பிரெஞ்சில், அலுவலக நடையில். பிரெஞ்சு தெரியாதவர்களை அழைக்கும் தாள் அது! பேன் விவகாரம் நடக்காவிட்டால் எனக்கு இந்த வகுப்பு இருப்பதே தெரிந்திருக்காது. இரண்டாவது, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இல்லை. ஜார்ஜியாக்காரப் பெண் ஒருவர் மூன்று வாரம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தார், அப்புறம் வரவில்லை. மூன்றாவது, விடுமுறை. இங்கே ஆறேழு வாரத்துக்கு ஒரு முறை பள்ளிக்கு இரண்டு வாரம் லீவு, வகுப்புக்கும் லீவு. திரும்பி வந்தால் கால்வாசி மறந்திருக்கும். நிலையும் ஒன்றாக இல்லை: எழுதவே தெரியாத தாத்தாவும் பல் மருத்துவம் படித்தவரும் ஒரே மேசையில். டீச்சர் சமாளித்தார், ஆனால் பல் மருத்துவர் சலிப்போடு சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் உண்டு.

தேர்வுக்காகப் படிக்கிறவர்கள் இதை நம்பி இருக்க வேண்டாம். 2024 ஜனவரியில் வந்த குடியேற்றச் சட்டத்தின்படி 2026 ஜனவரியிலிருந்து 10 ஆண்டு வசிப்பு அட்டைக்கு, ஐரோப்பிய மொழித்தேர்ச்சி அளவுகோலில் நடுத்தரமான பி1 நிலையும், குடியுரிமைக்கு அதற்கு அடுத்த பி2 நிலையும் கேட்கிறார்கள். எங்கள் வகுப்பு உங்களை அங்கே கொண்டுசேர்க்காது. அதற்குக் காசு கட்டித் தனியாகப் படிக்கத்தான் வேண்டும். நானும் இப்போது படிக்கிறேன்.

துலூஸ்வாசிகளுக்கு இரண்டு எச்சரிக்கை. இங்கே சாக்லேட் வைத்த அந்த ரொட்டிக்கு ‘ஷொக்கொலாத்தீன்’ என்றுதான் பெயர். பாரிஸில் சொல்லும் பெயரைச் சொல்லிக் கேட்டால் பேக்கரியில் தருவார்கள், கூடவே ஒரு பார்வையும் தருவார்கள். இன்னொன்று மெட்ரோ. நிறுத்தத்தின் பெயரை ஒரு முறை சொல்லிவிட்டு மறுபடி வேறு மாதிரி சொல்வார்கள். அந்த இரண்டாவது எனக்குப் பிடிபடவே இல்லை. நம் பிரெஞ்சு அவ்வளவுதான் என்று மாதக்கணக்கில் நொந்துபோயிருந்தேன். அது பிரெஞ்சே இல்லை, இந்த மண்ணின் ஒக்சிதான் மொழி என்று வகுப்பில்தான் தெரிந்தது.

மதிப்பெண் போட்டால் ஐந்துக்கு நான்கு. போன மாதம் மகளுக்குக் காய்ச்சல். 39 டிகிரி, இன்று வரமாட்டாள், வியாழன் வரை பார்க்கிறோம் என்று பள்ளிக்கு நானே தொலைபேசியில் சொன்னேன். முன்பு இதே சேதிக்கு ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, அதை ஐந்து முறை படித்துப் பார்த்து, கடைசியில் கணவரை ஆங்கிலத்தில் பேச வைத்திருக்கிறேன். இந்த முறை வைத்த பிறகுதான் தாள் இல்லாமல் பேசியதே உறைத்தது. அந்த நான்கும் இதற்குத்தான்.

சேர விரும்புகிறவர்கள் செப்டம்பரில் பிள்ளையின் பள்ளி அலுவலகத்திலேயே கேளுங்கள். உங்கள் பள்ளியில் இல்லாவிட்டாலும் பக்கத்துப் பள்ளியில் இருக்கலாம். இந்த வருடம் வாசல் தாளின் அடியில் ஆளுக்கொரு மொழியில் ஒரு வரி எழுதச் சொல்லி டீச்சரிடம் அனுமதி வாங்கினோம். அரபி, வங்காளம், ஜார்ஜிய மொழிக்குக் கீழே, "பெற்றோருக்குப் பிரெஞ்சு வகுப்பு, இலவசம், உள்ளே வாங்க" என்று நான் எழுதியிருக்கிறேன். போகும்போது ஒரு நோட்டு, பேனா, பிள்ளையின் தொடர்பு நோட்டு போதும். காபி அவர்களே தருவார்கள். காபி சுமார்தான்.