கிட்னி டெஸ்ட் பார்க்காமல் சீனி மருந்தைக் கூட்டுகிறார்கள், கவனம்

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும். வீட்டில் வயதானவர் இனிப்பு நீருக்கு மருந்து சாப்பிட்டால், கிட்னிக்கு ரத்தப் பரிசோதனை செய்யாமல் அளவைக் கூட்ட விடாதீர்கள்.

அரசாங்க கிளினிக்கில் காத்திருக்கக் கால் வலி விடவில்லை என்று அப்பா டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனார். பசியாறிவிட்டுப் போனவருக்கு விரலில் குத்திச் சீனி பார்த்தார்கள், லிட்டருக்கு 13 மில்லிமோல். அந்த ஒரு எண்ணை வைத்துக் கிளிபென்கிளமைட் என்ற சீனி இறக்கும் மாத்திரையை இரண்டு மடங்காக்கிவிட்டார் டாக்டர். இரவில் என்ன சாப்பிடுகிறார் என்றுகூடக் கேட்கவில்லை. கொடுத்த பிளாஸ்டிக் பையில் மருந்தின் பெயரும் இல்லை, மில்லிகிராமும் இல்லை. நாளைக்கு 2 வேளை, 2 மாத்திரை என்று மலாயில் கிறுக்கியிருந்தது, அவ்வளவுதான்.

அந்த வாரமே ஒரு விடியற்காலை, சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து, என்னை யாரென்றே தெரியாமல் பார்த்தார். விழுங்க முடிந்ததால் அம்மா மைலோவில் சீனி அள்ளிப் போட்டுப் புகட்டினார். மருத்துவமனையில் பார்த்தபோது 2.3. நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து. குளுக்கோஸ் ஏற்றி, சீனி ஏறிய பிறகும் வீட்டுக்கு விடவில்லை. இந்த மருந்து உடம்பில் நீண்ட நேரம் நிற்கும். கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் வெளியேறாமல் தங்கி, ஏறிய சீனியை மறுபடி இறக்கிவிடுமாம். அப்பாவின் கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் எண், அதாவது இஜிஎப்ஆர், 28. முப்பதுக்குக் கீழே வந்தால் மெட்போர்மின் என்ற இன்னொரு சீனி மருந்தையே நிறுத்தவேண்டும். அதையும் அந்த கிளினிக் சேர்த்துத்தான் கொடுத்திருந்தது!

மருத்துவமனை பார்மசிஸ்ட் நிதானமாக உட்கார்ந்து, எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள், பசி இல்லாத நாளில் மாத்திரையை என்ன செய்வீர்கள் என்று அப்பாவிடமே கேட்டார். அப்படியல்லவா கேட்கவேண்டும்? அப்புறம் டாக்டரிடம் பேசி, கிட்னி பழுதிலும் அளவு குறைக்கத் தேவையில்லாத லினாக்ளிப்டினுக்கு மாற்றினார்கள். மூன்று மாதச் சீனிச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பார்த்துத்தான் அடுத்த முடிவு. வயதானவர்களுக்குச் சீனி ரொம்ப இறங்குவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருப்பது மேல் என்றும் சொன்னார்கள்.

கிளினிக்கில் போய்க் கேட்டேன். "அங்கிள் சாப்பிடாம இருந்திருப்பாரு" என்றார்கள். என்ன மருந்து, எவ்வளவு என்று எழுதித் தரவும் மறுத்தார்கள். ரசீதையும் அந்தப் பிளாஸ்டிக் பையையும் படம் எடுத்து, மாநிலச் சுகாதார இலாகாவுக்குப் புகார் அனுப்பிவிட்டேன். அதே கிளினிக்கில் மருந்து வாங்குகிறவர்கள் விவரம் வேண்டுமென்றால் என்னைத் தனியாகக் கேளுங்கள்.