போராளிகள் ஊர் திரும்பும் காலம்: மதுரைப் பயிலரங்கு ஒன்றின் மதிப்புரை

நீண்ட போருக்குப் பிறகு முன்னாள் போராளிகளைச் சமூகத்தோடு இணைப்பது குறித்து, மதுரை தல்லாகுளம் பகுதியில் ஒரு தன்னார்வ அமைப்பு நடத்திய வார இறுதிப் பயிலரங்கில் அண்மையில் கலந்துகொண்டேன். சமூகப்பணி மாணவர்களுக்கென அறிவிக்கப்பட்டதுதான் என்றாலும், உச்சப்பட்டி, திருவாதவூர் அகதி முகாம்களிலிருந்து ஈழத்தமிழ் இளைஞர்களும் வந்திருந்ததால், இலங்கையைப் பற்றிப் பொத்தாம்பொதுவாகப் பேசிவிட்டுக் கடந்துபோக யாராலும் முடியவில்லை.

ஆயுதக் களைவு, படைக் கலைப்பு, மறு இணைப்பு என்ற மூன்று படிகளை விளக்கிய முதல் அமர்வு, வீட்டிலிருந்தே படித்துக்கொள்ளக்கூடியது. கொடுத்த கட்டணத்துக்கு ஈடாக இருந்தது, இந்தோனேசியாவில் தனிநாடு கேட்டுப் போர் நடந்த ஆச்சே மாநிலம் பற்றிய பயிற்சிதான். 2005 ஆகஸ்ட் 15 அன்று பின்லாந்தின் ஹெல்சிங்கியில் இந்தோனேசிய அரசோடு கையெழுத்தான உடன்பாட்டின்படி, அங்கே போரிட்ட சுதந்திர ஆச்சே இயக்கம் தன் 3,000 போராளிகளைக் கலைத்து, 840 ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். களத்தில் இருந்தவர்களோ அந்தக் கணக்கைவிட மிகப் பலர். எங்களைத் தளபதி, போராளி, மகனை இழந்த தாய், ஊர்த்தலைவர் எனப் பிரித்து, பட்டியலில் இடம்பெற்றவர்களுக்கு மட்டும் உதவித்தொகை வந்தால் என்ன செய்வீர்கள் என்று பேச வைத்தார்கள். "துப்பாக்கி தூக்கியவனுக்குப் பணம், பிள்ளையைப் பறிகொடுத்த எனக்கு என்ன?" என்று தாயாக நடித்த மாணவி கேட்டபோது, தளபதியாக நடித்தவர் வாயடைத்துப் போனார். திரும்பி வருபவருக்குத் தொழில் கற்றுக்கொடுப்பதைவிட, அவரை ஏற்க வேண்டிய ஊரின் மனக்குறையைத் தீர்ப்பதே கடினம் என்பதை எந்த விரிவுரையும் இவ்வளவு தெளிவாக உணர்த்தியிருக்காது. இழப்புக்குள்ளான பொதுமக்களுக்கும் விளைநிலமோ வேலையோ தர வேண்டும் என்று அதே உடன்பாடு கூறுவதைப் பயிற்றுநர் அதுவரை சொல்லாமல் வைத்திருந்தது நல்ல உத்தி.

இலங்கை அமர்வில் குறை இருந்தது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபின் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்த ஏறத்தாழ 12,000 பேர் அரசின் புனர்வாழ்வு நிலையங்களில் வைக்கப்பட்டதையும், அங்கே தொழிற்பயிற்சி தரப்பட்டதையும், வெளியே வந்த பின்னரும் கண்காணிப்பு தொடர்ந்ததால் அவர்களோடு பழகவே அக்கம்பக்கத்தார் அஞ்சியதையும் நேர்மையாகவே பேசினார்கள். ஆனால், இயக்கத்தில் இருந்தவர் என்பதாலேயே திருமணமும் வேலையும் கைகூடாமல் போன பெண்களைப் பற்றிய பகுதி, தேநீர் இடைவேளைக்கு முந்திய சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. முகாமிலிருந்து வந்த பெண்கள் இருவர் அதன் பிறகும் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு அரங்குக்குள் நடந்திருக்க வேண்டும்.

நம் நாட்டு அனுபவத்தை அடியோடு விட்டுவிட்டதும் எனக்கு விளங்கவில்லை. 1966இல் மிசோரமில் தொடங்கிய ஆயுதக் கிளர்ச்சி 1986 உடன்பாட்டில் முடிந்து, கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய லால்தெங்காவே முதலமைச்சரானார். தோற்றவர் புனர்வாழ்வு நிலையத்துக்குள் அடைக்கப்படுவதற்கும், எதிர்த்தவர் ஆட்சியில் அமர்வதற்கும் உள்ள வேறுபாட்டை இலங்கையோடு சேர்த்தே விவாதித்திருக்கலாம்.

மதிய உணவு எளிமையானது, போதுமானது. அச்சிட்டுக் கொடுத்த கையேடு தமிழிலேயே இருந்ததால் முகாம் இளைஞர்களும் சிரமமின்றிப் பின்தொடர்ந்தார்கள். முதுகலைச் சமூகப்பணி மாணவர்களும் முகாம்களில் பணிபுரிவோரும் தாராளமாகச் சேரலாம். முதல் நாள் காலை வகுப்பைத் தவறவிட்டாலும் பெரிய இழப்பில்லை, ஆச்சே பயிற்சிக்கு மட்டும் தொடக்கத்திலிருந்தே இருங்கள்.