நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்சி ஆட்டம்: போகலாமா?

எங்கள் லேத் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன் போன வாரம் கேட்டான். "அண்ணே, நேரு ஸ்டேடியத்துல ஃபுட்பால் மேட்ச் பாக்கணும்னு ஆசை. ஆனா சென்னையின் டீம் பந்தைப் பின்னாடியே தட்டிக்கிட்டு இருக்கும்னு சொல்றாங்களே, காசுக்குத் தகுமா?" மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. 2014-இல் ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் போட்டி ஆரம்பித்த காலத்திலிருந்து, அதில் ஆடும் நம் ஊர் அணியான 'சென்னையின் எஃப்சி'க்காக அங்கே போய் வருகிறவன் நான். அவனுக்கும், அவனைப் போலக் கேட்பவர்களுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி. அம்பத்தூரிலிருந்து மின்சார ரயில் பிடித்தால் மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கி, பெரியமேடு பக்கமாக நடந்தே போய்விடலாம். மேட்ச் நாளில் வழி கேட்கவே வேண்டாம், நீலச் சட்டைகளின் பின்னால் போனால் போதும். நவம்பர், டிசம்பர் ஆட்டம் என்றால் மழைக்கு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்து ஆட்டம் என்றால் இரவு ஏழரைக்குக்கூட முதுகு நனைந்துவிடும், பருத்திச் சட்டைதான் சரி.

உள்ளே போனதும் தெரியும் ஒரே குறை, ஆட்டக்களத்தைச் சுற்றி ஓடுகளம் இருக்கிறது. தடகளப் போட்டிகளுக்கும் சேர்த்துக் கட்டிய ஸ்டேடியம். பந்து நமக்குக் கொஞ்சம் தூரத்தில்தான் இருக்கும். கீழ் வரிசையில் உட்கார்ந்தால் எதிர்ப்பக்கக் கோல் எங்கோ அடுத்த தெருவில் விழுந்த மாதிரி தெரியும். அதனால் மேலே ஏறிவிடுங்கள். சத்தத்துக்காகப் போகிறவர்கள் பி ஸ்டாண்டுக்குப் போகலாம். 'பி ஸ்டாண்ட் ப்ளூஸ்' ரசிகர் கூட்டம் பேர் வாங்கியதே அங்கேதான். மேளம், பாட்டு, கைதட்டல் எதற்கும் குறைவிருக்காது. ஆட்டத்தைப் புரிந்துகொண்டு பார்க்க வேண்டுமென்றால் பக்கவாட்டு ஸ்டாண்டில், எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே.

மேலே உட்காருவதில் இன்னொரு லாபமும் உண்டு. டி.வி.யில் பந்து இருக்கும் இடம்தான் தெரியும். பந்து இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். இந்த அணியைப் பற்றி இத்தனை வருடமாக நடக்கும் சண்டை முழுவதும் அந்த விஷயத்தில்தான் இருக்கிறது.

எங்கள் வரிசையில் நாங்கள் மூன்று பேர். நான், என் மச்சான், அப்புறம் மாநகராட்சிப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பி.டி. சார். சார் அந்தக் காலத்தில் சென்னை லீக்கில் ஸ்டாப்பர் பேக், அதாவது கோலுக்கு முன்னால் நின்று தடுப்பவராக ஆடியவர். கோல் வாங்காமல் இருப்பதுதான் அவருக்கு முதல் பாடம். "வீட்டைப் பூட்டிட்டுத்தான் கடைக்குக் கிளம்பணும்" என்பார். மச்சான் விடமாட்டான். "பூட்டினது சரி சார், இவங்க கடைக்குக் கிளம்பவே மாட்டேங்கறாங்களே" என்பான். இடைவேளைக்குள் இந்தப் பேச்சு ஒரு தடவையாவது வந்துவிடும்.

சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2017-18 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் கிரிகரி கோச். கட்டுக்கோப்பான டிபென்ஸ், கார்னர், ஃப்ரீகிக், கிடைத்த வாய்ப்பை விடாமல் அடிப்பது, இவ்வளவுதான் அந்த அணி. பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டியவர்கள் இல்லை. ஆனால் இறுதிப் போட்டியில் பெங்களூருவை அவர்களுடைய கண்டீரவா மைதானத்திலேயே 3-2 என்று வென்றார்கள். சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு மெய்ல்சன் ஆல்வ்ஸ், பின்னால் நடுவில் நின்று தடுக்கும் ஒரு சென்டர் பேக், கார்னரில் வந்த பந்தை இரண்டு தடவை தலையால் உள்ளே தள்ளினார். மூன்றாவதை ரஃபேல் அகஸ்டோ அடித்தார். அதற்கு நான்கு நாள் முன்னால் அரையிறுதியில் கோவாவை இதே நேரு ஸ்டேடியத்தில் 3-0. ஜேஜே இரண்டு, வியாசர்பாடிப் பையன் தன்பால் கணேஷ் ஒன்று. கணேஷின் கோலுக்கு சார் எழுந்து நின்று அழுதார். வியாசர்பாடியில் எத்தனை பையன்கள் வெறுங்காலோடு பந்து அடித்து வளர்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்த வருடம் பாதுகாப்பாக ஆடினார்கள் என்று எங்களில் ஒருவரும் குறை சொல்லவில்லை.

ஆனால் அடுத்த வருடம் என்ன ஆனது? அதே கோச், ஏறக்குறைய அதே அணி, 18 ஆட்டத்தில் 9 புள்ளி, கடைசி இடம். சாம்பியன் அணி கடைசி இடத்தில். இதில் எனக்கு வலித்தது கடைசி இடம்கூட இல்லை. அதே 2018-19 சீசனில் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்திருந்த சென்னை சிட்டி என்ற வேறொரு அணி, ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கின் கோப்பையை வென்றது. அக்பர் நவாஸ் கோச், பெட்ரோ மான்சி மட்டும் 21 கோல். கீழிருந்தே பந்தைப் பாஸ் பண்ணிக் கொண்டுபோய் அடிக்கும் ஆட்டம். நம் ஊரில், நம் வெயிலில், நம் பையன்களையும் சேர்த்துக்கொண்டு இப்படி ஆட முடியும் என்று அவர்கள் காட்டிவிட்டார்கள். அன்றைக்கு அந்த அணியில் ஆடிய எட்வின் சிட்னி வன்ஸ்பால் தமிழ்நாட்டுக்காரர். பிறகு சென்னையின் எஃப்சி அணிக்கே வந்தார்.

இதைச் சொன்னால் சார், "அது வேற லீக், எதிர்ல யாரு இருக்காங்கன்னு பாரு" என்பார். சரி, நம் ஐ.எஸ்.எல்.லிலிருந்தே உதாரணம் சொல்கிறேன்.

2019-20. முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. ஐந்தாவது ஆட்டம் ஹைதராபாத்தோடு, நேரு ஸ்டேடியத்தில். தொண்ணூறு நிமிடம் ஆகியும் 0-0. எங்கள் வரிசையில் பாதிப் பேர் ரயிலைப் பிடிக்க எழுந்துவிட்டார்கள். மச்சான் பையை மாட்டிக்கொண்டு படியில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தான். கூடுதல் நேரத்தில் ஷெம்ப்ரி கோல்! சீசனின் முதல் கோல். கத்தி முடிப்பதற்குள் ஹைதராபாத் திருப்பி அடித்துவிட்டது. ஸ்டாண்டே அடங்கிப்போனது. உடனே வால்ஸ்கிஸ் இன்னொன்று, 2-1. இத்தனையும் நான்கைந்து நிமிடத்துக்குள். படியில் நின்ற மச்சான் பையோடு சேர்த்து முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தான். இவ்வளவு ஆட்டம் இவர்களுக்குள் இருந்திருக்கிறது, நான்கு ஆட்டமாக எங்கே வைத்திருந்தார்கள் என்றுதான் வீட்டுக்குப் போகிறவரை எனக்கு யோசனை.

அந்த நவம்பர் மாதக் கடைசியில் கிரிகரி விலகினார். டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். ஆட்கள் அதே ஆட்கள். அதே வால்ஸ்கிஸ், அதே கிரிவெல்லாரோ, அதே தாப்பா, அதே சாங்தே. ஆனால் பந்து முன்னால் போக ஆரம்பித்தது. அடிமட்டத்தில் கிடந்த அணி நான்காவது இடத்துக்கு வந்தது. அரையிறுதி என்றால் இரண்டு ஆட்டம், கோல்களைக் கூட்டித்தான் கணக்கு. முதல் ஆட்டத்தில் கோவாவை நேரு ஸ்டேடியத்தில் 4-1. அந்த ராத்திரி ரயிலில் யாருமே உட்காரவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் கோவா 4-2 என்று வென்றும் மொத்தக் கணக்கில் 6-5 என்று தப்பித்து இறுதிக்குப் போனார்கள். வால்ஸ்கிஸ் 15 கோலோடு சீசனை முடித்தார். கொரோனாவால் காலியாகக் கிடந்த கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில் கொல்கத்தா அணியான ஏ.டி.கே.யிடம் இறுதிப் போட்டியில் 3-1 என்று தோற்றதை சார் இன்றைக்கும் தன் பக்கம் சேர்த்துக்கொள்வார். ஏ.டி.கே. கோச் ஹபாஸ் தற்காப்புக்குப் பேர்போனவர். "கோப்பை யார் கையில இருந்துச்சு?" என்று சார் கேட்டால் மச்சானிடம் பதில் கிடையாது.

என்னிடம் இருக்கிறது. அந்த மூன்று மாதத்தில் நான் சந்தோஷமாகப் பட்டறையைப் பூட்டிவிட்டு ஸ்டேடியத்துக்குக் கிளம்பினேன். தோற்கும் நாளிலும் கிளம்பினேன். டிக்கெட் காசு கொடுத்து நான் வாங்குவது வெற்றியை இல்லை, அதை யாரும் விற்க முடியாது. பந்து நம் காலுக்கு வந்தால் முன்னால் போகும் என்ற எதிர்பார்ப்பைத்தான் வாங்குகிறேன்.

இதைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். நாம் 1-0 முன்னிலையில் இருக்கிறோம். அறுபது நிமிடம் தாண்டிவிட்டது. சென்டர் பேக் காலில் பந்து, அவரை நெருக்க யாரும் இல்லை. இடது ஓரத்தில் நம் விங்கர் கையைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பிக்கிறான். அவனுக்கு முன்னால் வெறும் புல்தான். மேல் வரிசையில் இருக்கும் நமக்கு அது பளிச்சென்று தெரிகிறது, எழுந்து நிற்கிறோம். பந்து பக்கவாட்டில் போகிறது, அங்கிருந்து கோல்கீப்பருக்குப் போகிறது. ஓடியவன் வேகம் குறைந்து, தூக்கிய கையை இறக்கிவிட்டு, திரும்பி நடந்து வருகிறான். இரண்டாவது தடவை ஓடுவான். மூன்றாவது தடவை ஓடமாட்டான். பிறகு கடைசிக் கால் மணி நேரம் முழுவதும் நம் பெனால்டி ஏரியாவுக்குள்தான் ஆட்டம். பல சீசன்களில் இதைப் பார்த்துவிட்டேன். அந்தக் கை இறங்கும்போது எனக்கு வயிறு கலங்கும். பூட்டிய வீட்டுக்குள் திருடன் வருவதும் அந்த நேரத்தில்தான் என்று சாருக்கே தெரியும்.

2020-21 சீசன் முழுவதும் ரசிகர்கள் இல்லாமல் கோவாவிலேயே நடந்தது, டி.வி.யில்தான் பார்த்தோம். சாபா லாஸ்லோ கோச். 20 ஆட்டம், 11 டிரா, மொத்தமே 17 கோல். கிரிவெல்லாரோ காலில் அடிபட்டுப் பாதியிலேயே போய்விட்டார், அதை மறக்கக் கூடாது. ஆனாலும் பதினோரு டிரா! தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு டி.வி.யை அணைக்கும்போது ஜெயித்த சந்தோஷமும் இல்லை, தோற்ற கோபமும் இல்லை. கோபம்கூட வராத நிலைமைதான் ஒரு கிளப்புக்கு ஆபத்து என்று நினைக்கிறேன். கோபப்படுகிறவன் அடுத்த மேட்சுக்கு வருவான்.

நிர்வாகத்தின் மேல் எனக்கு இருக்கும் வருத்தமும் இதை ஒட்டியதுதான். தோனி, அபிஷேக் பச்சன், வீட்டா டானி மூவரும் உரிமையாளர்கள். அவர்களுக்கு அக்கறை இல்லை என்று நான் சொல்லமாட்டேன், பத்து வருடத்துக்கு மேல் ஒரு கால்பந்து கிளப்பை இந்த ஊரில் நடத்துவது லேசான வேலை இல்லை. ஆனால் இந்த அணி எப்படி ஆட வேண்டும் என்று யாராவது ஒருவர் முடிவு செய்தார்களா என்பது தெரியவில்லை. முதல் கோச் மார்கோ மாட்டராஸி டிபெண்டராக உலகக் கோப்பை வென்றவர். ஆனால் அவர் அணியில் 2014-இல் எலானோ 8 கோல், 2015-இல் மெண்டோசா 13 கோல். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பட்டறையில் முழங்கால் அளவு தண்ணீர். ஸ்டேடியத்தில் ஆட முடியாமல் அரையிறுதியைப் புனேக்கு மாற்றினார்கள். அந்த அணிதான் இறுதியில் கோவாவிடம் 2-1 என்று பின்தங்கி, கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் போட்டுக் கோப்பையைக் கொண்டு வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தால் அது நடந்திருக்குமா? பிறகு கிரிகரி வேறு மாதிரி, கோய்ல் வேறு மாதிரி, லாஸ்லோ வேறு மாதிரி. இறுதிவரை கொண்டுபோன கோய்ல் கிளம்பிப் போய் 2021-22-இல் ஜாம்ஷெட்பூருக்கு லீக் ஷீல்டு, அதாவது புள்ளிப் பட்டியலில் முதலிடத்துக்கான பரிசு, வாங்கிக் கொடுத்தார். சாங்தே மும்பைக்குப் போனார், தாப்பா மோகன் பகானுக்குப் போனார். ஒரு கோச்சுக்காகச் சேர்த்த ஆட்களை அடுத்த கோச் வேறு ஆட்டத்துக்குப் பழக்குகிறார். அப்படி இருக்கும்போது காலில் பந்து வந்தவன் பயந்து பின்னால் தட்டாமல் என்ன செய்வான்?

2023-இல் கோய்லைத் திரும்பக் கூட்டி வந்தார்கள். முதல் வருடம் ஆறாவது இடம், நான்கு வருடம் கழித்துப் பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான நாக்-அவுட் சுற்று. அடுத்த வருடம் 2024-25-இல் 13 அணிகளில் பதினோராவது இடம். அந்த சீசனில் சாரின் வாயை அடைக்க எங்களால் முடியவில்லை. "பாத்தியா, பூட்டாம கிளம்பினா இதான்" என்று வேர்க்கடலையைத் தோலோடு செய்தித்தாளில் பரப்பி, நான்கு டிபெண்டரும் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று விளக்கினார். அவர் வைத்த இடங்கள் சரியாகத்தான் இருந்தன. எனக்கு வேண்டியது கண்ணை மூடிக்கொண்டு முன்னால் ஓடும் அணி இல்லை. டிபென்ஸ் லைன் இன்னும் பத்து கஜம் மேலே நிற்கட்டும், விங்கர் கை தூக்கினால் பந்து போகட்டும், முன்னிலை வந்ததும் பின்வாங்காமல் இரண்டாவது கோலைத் தேடட்டும். இவ்வளவுதான் கேட்கிறேன். இதை மச்சானும் ஒத்துக்கொள்கிறான், நல்ல நாளாக இருந்தால் சாரும் ஒத்துக்கொள்கிறார்.

ஆக, தம்பி, போ. கட்டாயம் போ. சத்தத்தையும் கூட்டத்தையும் பார்க்க ஒரு தடவை, ஆட்டத்தைப் பார்க்க இன்னொரு தடவை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கூட்டிக்கொண்டு போ, என் மகள் ஆறு வயதில் இருந்து வருகிறாள். சொந்த மைதானத்தில் முன்னேறி ஆடும் ஒரு நாளில் நீ அங்கே இருந்துவிட்டால், அப்புறம் உன்னை யாரும் கூப்பிட வேண்டியதில்லை. ஏழரை மணி ஆட்டத்துக்கு ஆறரைக்கே வந்துவிடு. மேல் வரிசையில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு இடம் பிடித்து வைக்கிறேன். சார் வேர்க்கடலை கொண்டு வருவார்.