மருதமுனைக் கைத்தறிச் சீலைப் பை: காட்டு விதை எடுக்கத் தோதானதா?

கச்சான் காற்று வீசும் மாதங்களில் பொத்துவில் மணல்மேடுகளிலும் திருக்கோவில் பக்கத்துப் பற்றைகளிலும் விதை எடுக்கப் போகிறவர்கள் முதலில் பையைப் பார்க்கவேண்டும். பொலித்தீன் சொப்பிங் பை வெயிலில் உடனே வேர்த்துவிடும். மாலையில் அவிழ்த்தால் புளித்த மணம், உள்ளே அவிந்த விதை. அதற்கு மாற்றாகத்தான் மருதமுனையில் நெய்த, வெளுக்காத பருத்திச் சீலையில் சுருக்குக் கயிறு வைத்துத் தைத்த இந்தப் பைகள். மூன்று அளவுகளில் தைப்பித்தோம்: 10×15, 20×30, 40×60 செ.மீ.

சின்னப் பைதான் அருமை. எருக்கலைக் காய் வெடித்துவிட்டால் பஞ்சோடு விதையைக் கச்சான் அள்ளிக்கொண்டு போய்விடும். முற்றிய பச்சைக் காய்க்கு மேலே பையை மாட்டிக் காம்போடு இறுக்கிக் கட்டிவிட்டால், வெடித்த பிறகு பஞ்சும் விதையுமாக அப்படியே கழற்றலாம். நெசவு காற்றை விடுவதால் காய் அழுகுவதில்லை. அடம்பன்கொடிக்கு நடுத்தரப் பை போதும். கொன்றைக் காய் அரை மீற்றர் வரை நீளும், அதற்குப் பெரியதுதான்.

குறை தையலில் இருக்கிறது. பையைப் புரட்டிப் பாருங்கள்: பிசிறு விட்ட ஓரத்து மடிப்பில் நுண்விதை தூசி போல ஒட்டிக் கிடக்கும். உதறினாலும் விழாது. அடுத்த முறை வேறு செடியின் விதையோடு கலந்தால் அந்தச் சேகரிப்பே வீண். ஓரத்தை உள்ளே மடித்து இரட்டைத் தையல் போடச் சொல்லித்தான் கொடுக்கவேண்டும். நாயுருவியும் நெருஞ்சியும் கைத்தறி நூலில் கொளுவிக்கொள்ளும்; அவற்றுக்குத் தடித்த காகித உறையே நல்லது. புதுச் சீலையில் கஞ்சி இருக்கும், பூச்சியும் பூஞ்சணமும் அதைத் தேடி வரும். இரண்டு தடவை அலசிக் காயவிட்ட பிறகே பாவியுங்கள்.

வெளியே கட்டும் அட்டையை மட்டும் நம்பவேண்டாம், பற்றையில் மாட்டி அறுந்துவிடும். இடம், திகதி, எத்தனை செடியில் எடுத்தது என்பதைப் பென்சிலால் எழுதிய துண்டு ஒன்று பைக்குள்ளும் இருக்கட்டும். மை ஈரத்தில் ஊறிப் பரவும்.

இது சேமிப்புப் பை அல்ல. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு என்று கிடக்கும் கரையில் இரவு ஈரம் ஏறும். காற்றை விடும் சீலை ஈரத்தையும் விடும். பகலெல்லாம் காய்ந்த விதை விடியுமுன் மறுபடி ஈரத்தை இழுத்துவிடுகிறது. பொழுதுபடுமுன் பையோடு இறுக்கமான மூடி வாளிக்குள் வைத்து, விதையின் எடைக்குச் சமனாக, ஈரத்தை உறிஞ்சும் நீலச் சிலிக்கா ஜெல் மணிகளைப் போடுங்கள். நீல மணி இளஞ்சிவப்பானால் எடுத்து 120 பாகை செல்சியசில் சூடாக்கித் திரும்பப் பாவிக்கலாம். விதையின் ஈரம் 1 சதவீதம் குறைய ஆயுள் இரட்டிக்கும் என்பது விதைக்காரர்களின் பொதுக் கணக்கு. நாவலுக்கு இது பொருந்தாது. அதன் விதை காய்ந்தால் செத்துவிடும், ஆகவே சதையை நீக்கி உடனே ஈரமணலில் ஊன்றவேண்டும்.

பை பெரிதாக இருக்கிறதே என்று நிரப்பவும் கூடாது. அன்று முற்றியிருக்கும் விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை என்பது விதை வங்கிகளின் வழக்கம். எடுக்குமுன் பத்து விதையையாவது பிளேட்டால் வெட்டிப் பாருங்கள். கொன்றையில் வண்டு துளைத்த கோதுகள் நிறைய வரும். குமணை போன்ற காப்பிடங்களில் அனுமதி இல்லாமல் ஒரு காயைக்கூடத் தொடவேண்டாம்.

பத்துப் பை தைப்பிப்பதானால் ஆறு சின்னது, மூன்று நடுத்தரம், ஒன்று பெரிது போதும்.