கொழும்பில் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை: ஐந்து வருட மாத்திரையும் முடிந்த பிறகு எழுதுவது

"அக்கா, மார்புக் கட்டிக்குக் கொழும்பில எந்த ஆஸ்பத்திரி நல்லம்?" என்று வட்ஸ்அப்பில் கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள், மட்டக்களப்பிலிருந்தும் வவுனியாவிலிருந்தும்கூட. ஒவ்வொருவருக்கும் வொய்ஸ் அனுப்பித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஆகவே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

எனக்கு 2019 நடுப்பகுதியில் இடது மார்பில் கண்டுபிடித்தார்கள். அப்போது வயது ஐம்பத்து மூன்று, மாதவிடாய் நின்றிருந்தது. கீமோ, ஓப்பரேஷன், கரண்ட் (கதிர்வீச்சு), பிறகு மாத்திரை என்று எல்லாம் பார்த்தாயிற்று. பிரைவேட்டிலும் பார்த்தேன், அரசாங்கத்திலும் பார்த்தேன். பிரைவேட் ஆஸ்பத்திரிகளின் பெயர்களை இங்கே போடவில்லை. டொக்டர்மார் இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். இன்று நான் ஒரு பெயரைச் சொன்னால் நீங்கள் போகிற நேரம் அங்கே வேறு ஆட்கள் இருப்பார்கள்.

பெயருக்குப் பதிலாக ஒரு கேள்வியைத் தருகிறேன். கத்தி வைக்கிறதுக்கு முன்னால் சர்ஜன், புற்றுநோய் நிபுணர், ஸ்கேன் பார்க்கிறவர், பயொப்ஸி பார்க்கிறவர் எல்லோரும் உங்கள் ரிப்போட்டை நடுவில் வைத்து ஒன்றாகப் பேசுகிறார்களா? ஆம் என்றால் கட்டடம் பழசாக இருந்தாலும் பரவாயில்லை. இல்லையென்றால் வாசலில் நீரூற்று இருந்தாலும் எழும்பி வந்துவிடுங்கள்.

கொழும்பில் இந்தக் கேள்வி ஏன் அவசியம் என்றால், இங்கே பிரைவேட் வைத்தியம் நடக்கிற விதம் அப்படி. பகலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற நிபுணர்தான் பின்னேரம் பிரைவேட்டில் காசு வாங்கிச் சனல் பார்க்கிறார். சர்ஜன் ஓரிடத்தில், புற்றுநோய் நிபுணர் இன்னோரிடத்தில், ஸ்கேன் மூன்றாவது இடத்தில். நடுவில் பைலைத் தூக்கிக்கொண்டு ஓடுவது நீங்கள். நம்பர் முப்பதைத் தாண்டும், டொக்டர் எட்டு மணிக்கு வருவார், உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் வெளியே வருவீர்கள். காய்ச்சலுக்கு இது போதும். புற்றுநோய்க்குப் போதாது.

நான் முதலில் போன இடத்தில் இதுதான் நடந்தது. மெமோகிராம், அல்ட்ராசவுண்ட் எடுத்து, மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்த்து, புற்றுநோய் என்று சொன்ன அன்றைக்கே "அடுத்த கிழமை மார்பை எடுத்துவிடலாம், அட்வான்ஸ் கட்டுங்கோ" என்றார்கள். கட்டி மூன்று சென்ரிமீற்றர், அக்குளிலும் ஒரு நெறி (நிணநீர் முடிச்சு) தெரிந்தது. அது எந்த வகைப் புற்றுநோய், ஹோர்மோனுக்குக் கட்டுப்படுமா, புற்றுநோயை வளர்க்கிற ஹேர்-2 புரதம் கூட இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. மெல்லிய ஊசியில் வருகிற சில கலங்களை வைத்து இதையெல்லாம் ஒழுங்காகச் சொல்ல முடியாது. தடித்த ஊசியால் சதைத்துண்டு எடுக்கிற கோர் பயொப்ஸி வேண்டும். என் தங்கச்சி ஆய்வுகூடத்தில் வேலை செய்தவள். ரிப்போட்டைப் பார்த்ததும் "ஈஆர், பீஆர், ஹேர்-2 எங்க?" என்றாள். முதல் இரண்டும் ஹோர்மோனுக்குக் கட்டுப்படுமா என்று சொல்பவை. அட்வான்ஸ் கட்டாமல் வந்துவிட்டோம்.

இரண்டாவது இடத்தில் சனல் நேரம் கிடைக்கவே ஒரு கிழமை ஆனது. ஆனால் அந்த சர்ஜன் முதல் நாளே சொன்னது: "நான் தனிய முடிவெடுக்க மாட்டன். வியாழக்கிழமை எங்கட மீட்டிங் இருக்கு, அதில பேசிட்டுச் சொல்லுறன்." கோர் பயொப்ஸியில் ஹோர்மோன் பொசிட்டிவ், ஹேர்-2 நெகட்டிவ் என்று வந்தது. மீட்டிங்கில் எடுத்த முடிவு, முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்குவது, பிறகு மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுப்பது. கீமோ தொடங்க முன்னர் கட்டிக்குள் எள்ளளவு உலோகக் கிளிப் ஒன்றை வைத்தார்கள். கீமோவில் கட்டி கரைந்தே போய்விட்டால் எந்த இடத்தை வெட்டுவது என்று பிறகு சர்ஜனுக்குத் தெரிய வேண்டுமே, அதற்குத்தான். கீமோவை முதலில் தொடங்கச் சொல்கிற எந்த இடத்திலும் "கிளிப் வைப்பீங்களா?" என்று கேளுங்கள். அவர்கள் முழிக்கிற விதத்திலேயே அனுபவம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

எல்லோருக்கும் கீமோதான் முதல் என்று இல்லை. சின்னக் கட்டி, நெறி இல்லை, ஹோர்மோன் பொசிட்டிவ் என்றால் ஓப்பரேஷன் முதலில் வரலாம், சிலருக்குக் கீமோவே தேவைப்படாது. மார்பை முழுதாக எடுப்பது சிலருக்குச் சரியான வழியும்கூட. கட்டியை மட்டும் எடுத்துக் கரண்டும் பிடித்தால், பொருத்தமான ஆட்களுக்கு, முழுதாக எடுத்ததற்குக் குறையாத ஆயுள் கிடைக்கும் என்பது எண்பதுகளிலிருந்தே ஆய்வுகளில் காட்டியாயிற்று. ஆனாலும் "முழுசா எடுத்தால்தான் நிம்மதி" என்று சொல்கிற சொந்தக்காரர் இல்லாத வீடு வெள்ளவத்தையில் இருக்காது.

கீமோ பற்றி நிறைய எழுதக் கிடக்கிறது, கொஞ்சம் மட்டும் சொல்கிறேன். எனக்கு முதலில் மூன்று கிழமைக்கு ஒரு தடவை நான்கு முறை, பிறகு கிழமைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு. முதல் நான்கில்தான் அந்தச் சிவப்பு மருந்து, டொக்சோரூபிசின். தொடங்க முன்னர் இதயத்துக்கு எக்கோ எடுப்பார்கள், எடுக்காவிட்டால் கேளுங்கள். அது நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையைப் பொசுக்கிவிடும் என்பதால் மிஸ்ஸி (நர்ஸ்) சலைனோடு தொங்கவிட்டுப் போக மாட்டா. பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, பெரிய சிரிஞ்சால் மெல்ல மெல்ல ஏற்றுவா. அந்த நேரம் வாயில் ஐஸ் பழம் வைத்துச் சூப்பச் சொன்னா, வாய்ப்புண் குறையுமாம். வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் கொண்டுபோவேன். எனக்குப் புண் பெரிதாக வரவில்லை. அன்றைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும், இரத்தம் என்று பயந்து ஓடி வராதீர்கள். முடி இரண்டு மூன்று கிழமையில் கொட்டத் தொடங்கும், முன்பே வழித்துவிட்டால் தலையணை முழுக்க முடி கிடக்கிற அந்தக் காட்சி மிச்சம். கிழமை மருந்தான பக்லிடெக்சலில் சத்தி குறைவு, ஆனால் விரல் நுனிகள் மரத்துப்போயின. சேலைக்குப் பின் குத்த முடியாமல் மகளைக் கூப்பிட்ட காலம் அது. இன்றைக்கும் கால்விரல்களில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

முள்ளு அன்னமுன்னா இலை அவித்துக் குடி என்று நிறையப் பேர் கொண்டுவந்து தந்தார்கள். கீமோ நேரத்தில் எதையும் அவித்துக் குடிக்க வேண்டாம், ஈரலில் போய் மருந்தோடு மோதும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இலையை வாங்கி நன்றி சொல்லிக் குப்பையில் போட்டேன்.

ஓப்பரேஷன் 2020 பெப்ரவரியில். கட்டி ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவாகச் சுருங்கியிருந்தது. கட்டியையும் அக்குள் நெறிகளையும் எடுத்தார்கள். வலி நினைத்த அளவு இல்லை. தொல்லை கொடுத்தது அக்குளில் சேர்கிற நீரை வடிக்கிற டிரெயின் குழாயும் அதன் போத்தலும்தான். அதோடுதான் வீட்டுக்கு அனுப்புவார்கள். மாமி பழைய சேலைத்துண்டில் தோளில் மாட்டுகிற பை தைத்துத் தந்தா. தினமும் காலை ஒரே நேரத்தில் அளந்து கொப்பியில் எழுத வேண்டும். முப்பது மில்லிலீற்றருக்குக் கீழே இறங்கிய பிறகு கழற்றுவதாகச் சொன்னார்கள். இந்தக் கணக்கு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும்.

கரண்டுக்கு மகரகம அபேக்ஷா போனேன். நாட்டின் தேசிய புற்றுநோய் நிறுவனம் அதுதான். நாடு முழுவதிலுமிருந்து வருகிறார்கள், கூட்டம் இருக்கத்தான் செய்யும், அதற்குத் தயாராகப் போங்கள். வெள்ளவத்தையிலிருந்து என்றால் 141இல் ஏறிக் கிருலப்பனையில் இறங்கி 138 பிடிக்கலாம். என் முறை வந்ததோ 2020 மார்ச் ஊரடங்கு. றோட்டில் காகம் மட்டும். கிளினிக் கொப்பியைக் காட்டினால் பொலிஸ் விட்டார்கள், தெரிந்த ஓட்டோத் தம்பி கொண்டுபோய்க் கொண்டுவந்தார். ஊரே முடங்கிக் கிடந்தபோது அங்கே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு சதமும் செலவில்லை. முன்பு 25 தடவை பிடித்ததை இப்போது பலருக்கு 15 தடவையில் முடிக்கிறார்கள், பலன் குறையவில்லை என்று பிரித்தானியாவில் பெரிய ஆய்வு செய்து காட்டிய பிறகு வந்த மாற்றம் இது. உள்ளே போய்க் கிடந்து வர ஒரு சில நிமிடம்தான். ஒன்றும் தெரியாது. இரண்டாவது கிழமைக்குப் பிறகுதான் தோல் கறுத்து எரியும்.

மொழி விஷயத்தையும் சொல்ல வேண்டும். என்னோடு வரிசையில் இருந்த அற்றன் பக்கத்து அம்மா ஒருவருக்குச் சிங்களம் அரைகுறை. நெஞ்சில் பேனாவால் போட்ட அடையாளத்தை அழிக்க வேண்டாம், பவுடர், எண்ணெய் பூச வேண்டாம் என்று மிஸ்ஸி சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து என்னிடம் "என்னங்க சொன்னாங்க?" என்று கேட்டார். சிங்களம் தெரியாதவர்கள் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், முதல் நாளாவது. தூரத்திலிருந்து வருகிறவர்கள் தங்குவதற்கு மகரகமவில் சிசிசி ஹவுஸ் போன்ற இடங்கள் இருக்கின்றன. லொட்ஜ் தேட முன்னர் விசாரியுங்கள்.

இனி கை. நான் அதிகம் குறை சொல்வது இதைப் பற்றித்தான். ஓப்பரேஷன் செய்த பிரைவேட் இடத்தில் தையல் வெட்டியதோடு கையைக் கழுவிவிட்டார்கள். அக்குள் நெறிகளை எடுத்தவர்களுக்குக் கையில் நீர் தேங்கலாம், அது வருடங்கள் கழித்தும் வரலாம் என்று ஒரு தாளில்கூட எழுதித் தரவில்லை. முதலில் வந்தது வேறொன்று. கையை உயர்த்தினால் அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் கயிறு மாதிரி இழுத்துப் பிடித்தது. அதற்கு கோர்டிங் என்று பெயர், பயப்படத் தேவையில்லை என்று பிசியோதெரபிஸ்ட் ஒருவரைத் தேடிப்போன பிறகுதான் தெரிந்தது. சுவரில் விரல்களால் ஏறி, எட்டுகிற உயரத்தில் பென்சிலால் கோடு போடச் சொன்னா. சமையலறைச் சுவரில் அந்தக் கோடுகள் இன்னும் இருக்கின்றன, மகன் பெயின்ட் அடிக்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே காலம் போகிறது.

வீக்கம் அடுத்த வருடம் வந்தது. வளையல் இறுகியது முதல் அறிகுறி. அழுத்த உறை போட்டுத்தான் அடங்கியது. அளவெடுத்து வாங்க வேண்டும், ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும், விலையும் குறைவில்லை. கொழும்புப் புழுக்கத்தில் ஏப்ரல் மாதம் அதைப் போட்டுக்கொண்டு சமைப்பது தண்டனைதான். காலையில் கை மெலிந்திருக்கிற நேரம் போட்டு, மத்தியானம் கொஞ்சம் கழற்றி, பஸ்ஸில் போகும்போது கட்டாயம் போடுகிறேன். ஊசி, பிரஷர் எல்லாம் வலது கையில். மீன் வெட்டும்போது இடது கைக்குக் கையுறை. ஓப்பரேஷனுக்கு முன்பே சர்ஜனிடம் "பிசியோவுக்கு யாரிடம் அனுப்புவீங்க?" என்று பெயர் கேட்டு எழுதி வாங்குங்கள். ஓப்பரேஷனுக்கு முன் இரண்டு கையின் சுற்றளவையும் அளந்து வைப்பதும் நல்லது, பிறகு வீங்கியதா இல்லையா என்று வாதாட வேண்டியதில்லை.

ஹோர்மோனை அடக்குகிற என் மாத்திரை லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம், தினமும் ஒன்று. மாதவிடாய் நிற்காதவர்களுக்குப் பெரும்பாலும் தமொக்சிபன் கொடுப்பார்கள், அது வேறு மருந்து. அதைப் போடும்போது வழமைக்கு மாறான இரத்தப்போக்கு வந்தால் உடனே சொல்ல வேண்டும். என் மாத்திரையில் மூட்டுத்தான் பிரச்சினை. காலையில் விரலை மடக்க முடியாது, படி இறங்க முழங்கால் முனகும். நிறுத்திவிடலாம் என்று நினைக்காத மாதம் முதல் வருடத்தில் இல்லை. மரைன் டிரைவில் பின்னேர நடை தொடங்கிய பிறகு பாதி குறைந்தது. 2022இல் நாடு முழுவதும் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது காலி வீதியில் பார்மஸி பார்மஸியாக ஏறி இறங்கினேன். கடைசியில் சென்னையிலிருந்து வந்த மச்சாள் கொண்டுவந்தா. பிராண்ட் மாறினாலும் உள்ளே இருக்கிற மருந்தின் பெயரும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும், அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு: கீமோவுக்கும் ஓப்பரேஷனுக்கும் சேமிப்பு கரைந்தது. நான் ஆசிரியையாக இருந்ததால் அரச ஊழியர்களுக்கான அக்ரஹார காப்புறுதியில் ஒரு பகுதி வந்தது. ஜனாதிபதி நிதியத்திலும் மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்கலாம். இன்று தொடங்குவதென்றால் இரண்டாவது சர்ஜனின் ஆலோசனையை மட்டும் பிரைவேட்டில் எடுத்து, கீமோவையும் மகரகமவிலேயே செய்வேன். மருந்து ஒன்றுதான், கதிரைதான் வித்தியாசம்.

கட்டி இன்னும் கையில் தட்டாதவர்கள் நாரஹேன்பிட்டவில் இருக்கிற புற்றுநோய் முன்கூட்டியே கண்டறியும் நிலையத்துக்குப் போகலாம், அரசாங்கத்துடையது. உங்கள் பகுதி சுவநாரி (பெண்கள் நல) கிளினிக்கும் இருக்கிறது. முப்பத்தைந்து வயதானால் போய் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எனக்கு இப்போது ஐந்து வருடம் முடிந்துவிட்டது. நெறியிலும் புற்றுநோய் இருந்ததால் மாத்திரையை இன்னும் நீட்டலாம் என்கிறார் டொக்டர். ஒஸ்ட்ரியாவில் செய்து 2021இல் வெளியான ஆய்வில், ஐந்து வருட ஹோர்மோன் சிகிச்சைக்குப் பிறகு மேலும் இரண்டு வருடம் போட்டவர்களுக்கும் ஐந்து வருடம் போட்டவர்களுக்கும் பலனில் வித்தியாசம் இல்லை, கூடப் போட்டவர்களுக்கு எலும்பு முறிவு ஆபத்துத்தான் கூடியது. போன எலும்பு ஸ்கேனில் எனக்கு இடுப்பெலும்பு கொஞ்சம் நலிந்திருந்தது, கல்சியமும் விற்றமின் டீயும் எடுக்கிறேன். புது ஸ்கேன் ரிப்போட் வந்ததும் இரண்டு வருடத்தோடு நிறுத்தலாமா என்று கேட்கப் போகிறேன். மெமோகிராமும் அதே கிழமைதான்.